ராஜாவை மடியில் வைத்த வீடு

சுனாகட் அரண்மனை
10 நவம்பர் 1938

அண்ணா,

நம் ராஜா இறந்துவிட்டார். இங்கே அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது. ராஜா சாவதில்லை என்பது அரண்மனை வழக்கம். மூன்று நாள் காய்ச்சலில், செவ்வாய்க்கிழமை காலை அவர் மூச்சு நின்றது. அதே நாழிகையில் அவர் பிள்ளை குனாவைத் தூக்கிப்போய்ச் சிவப்புப் பட்டு உடுத்தி, ராஜா வந்தார் என்று சங்கு ஊதிவிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் வேட்டி இடுப்பில் நிற்குமா? நான்தான் என் கொண்டைக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிவிட்டேன்.

பட்டத்துக்கு வருகிறவன் அப்பாவின் உடலைப் பார்க்கக் கூடாதாம். அழவும் கூடாதாம். உடலை வடக்கு வாசல் வழியாக எடுத்துப்போனபோது எங்கள் இருவரையும் தெற்கு அறையில் வைத்துச் சன்னலை அடைத்தார்கள். மேளச் சத்தம் கேட்டு, "செவதி, கல்யாணமா?" என்றான். "ஆமா ராஜா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நான் குனா. அப்பாதானே ராஜா?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவன் ஊருக்கெல்லாம் ராஜா. எனக்கோ, என் பிள்ளை எட்டாம் நாள் போன பிறகு என் பாலைக் குடித்து வளர்ந்தவன். அதனால் கடிதத்தில் அவன் இவன் என்றுதான் எழுதுவேன். நீ யாருக்கும் படித்துக் காட்டாதே.

சமையற்கட்டுப் பெண்கள் சிரிக்காமலும் இல்லை. "ராஜாவுக்கு ஒண்ணுக்கு வருதாம், திவானைக் கூப்பிடவா, சேனாபதியைக் கூப்பிடவா?" என்கிறார்கள். சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். கடைத்தெருவில் நேற்றே உப்பு தீர்ந்துவிட்டது. ஏன் வாங்குகிறீர்கள் என்றால் யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் வாங்குகிறார்கள். குயவர் தெருவில் இரண்டு கல்யாணங்களை அவசரமாக முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். பால்காரி இன்று என்னிடம் சொன்னாள்: "எங்க தாத்தா காலத்துலயும் இப்படி ஒரு குழந்தை ராஜா வந்துச்சாம். அதுக்கு மீசை முளைக்கிறதுக்குள்ள எங்க மேய்ச்சல் காடு மூணு பேர் கை மாறிப்போச்சு. புள்ளை ராஜாவானா, பெரியவங்க அத்தனை பேரும் ராஜா ஆயிடுறாங்கடி."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று உனக்குத் தெரியும். இறந்தவரின் தம்பி சோட்டராயர் நேற்றே அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரச் சனிக்கிழமை பன்னிரண்டாம் நாள். அன்று மலையடிக் கல்லில் நம் வீட்டு ஆள் உட்கார்ந்து, புது ராஜாவை மடியில் வைத்து, "மடி கனக்குது" என்று கூவினால்தான் இந்த நாட்டில் அவன் ராஜா. அப்பா மடியில் இவன் அப்பா உட்கார்ந்தார். அப்பா இல்லை, இப்போது மடி நீதான். முன்னாடியே வந்துவிடு. உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. பந்திக்கு இலை சுமந்து வருகிற நம் ஆட்களிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செவதி


கேந்துபாடி
12 நவம்பர்

செவதி,

இலைக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெண்டாட்டிக்கு மறைக்க முடியுமா, ரைமணிக்கு மட்டும் படித்துக் காட்டினேன். கொண்டைக் கயிறு வருகிற இடத்தை இரண்டாம் தடவை படிக்கச் சொல்லி அழுதாள். அவளுக்கு இது நான்காம் மாதம். இதுவாவது தங்க வேண்டும்.

நான் வருவது என் கையில் இல்லை. நேற்று ஊர் கூடியது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வேட்டை பங்களாவுக்கு மரம் இழுத்த வெட்டி வேலையில் அப்பாவின் கால் நசுங்கியது. கூலியும் கிடையாது, சோறும் கிடையாது. இது உனக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் ராஜா இந்தப் பக்கம் வந்தபோது, தான் உட்கார்ந்த மடிக்குக் கீழே கால் இல்லாததைப் பார்த்தார். "இனி மலைக்கு வெட்டி கிடையாது" என்றார். ஊர் முழுக்கக் கேட்டது. அந்த நான்கு வருஷமாகத்தான் நாம் நம் நிலத்தில் விதைப்பு நாளில் விதைக்கிறோம். அதுவரை விதைப்பு நாளில் எல்லாம் எவன் வீட்டுக்கோ கல் சுமந்தோம்.

ஊர்ப் பிரதான் எழுந்து, "வாயால சொன்னது வாயோட எரிஞ்சு போச்சு. இந்தத் தடவை தாள்ல வாங்கணும்" என்றார்.

"தாள்ல எழுதினா? நமக்கு வாசிக்கத் தெரியுமா? உச்சப் ஒருத்தன்தான் வாசிப்பான். அவன் தங்கச்சி அரண்மனைச் சோறு திங்கிறா" என்று ஒருவன் சொன்னான்.

"எழுத்து வேண்டாம்பா. கை வெச்சுக் கொடுக்கட்டும். ராஜா கை" என்றான் இன்னொருவன்.

அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நிலத் தகராறானாலும் பெண் கேட்பதானாலும் நம்மில் செம்மண்ணில் கையைத் தோய்த்துப் மரப்பட்டையில் பதித்தால் முடிந்தது. கை வைத்தவன் பின்வாங்கி இதுவரை நாம் பார்த்ததில்லை. மலைக்கு வெட்டி இல்லை என்று ராஜா கை பதித்துக் கொடுத்தால் மடி உண்டு. இல்லையென்றால் கல் காலியாக இருக்கும்.

"நம்மகிட்ட இருக்கிறது அந்த மடி ஒண்ணுதான். அதையும் சும்மா கொடுத்துட்டா அப்புறம் கேக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றார் பிரதான். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

உச்சப்


சுனாகட்
14 நவம்பர்

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஊர் சொன்னது, பிரதான் சொன்னது, எவனோ என் சோற்றைப் பற்றிச் சொன்னது, எல்லாம் இருக்கிறது. ஒரு பிள்ளை இருக்கிறான் என்பது மட்டும் அதில் இல்லை.

இங்கே நடப்பதை எழுதுகிறேன். பழைய சமையற்காரரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சோட்டராயர் வீட்டிலிருந்து புதிய ஆள் வந்திருக்கிறான். அன்றிலிருந்து குனாவின் பாலை முதலில் நான் குடிக்கிறேன். கால் நாழிகை காத்திருக்கிறேன். பிறகு கொடுக்கிறேன். "ஏன் என் பாலை நீ குடிக்கிறே? நீ பெரியவதானே?" என்று சண்டை போடுகிறான். ஆறிப்போன பால் அவனுக்குப் பிடிக்காது.

மலையார் கை கேட்கிற சேதி இங்கே வந்துவிட்டது. இன்று காலை நடையில் சோட்டராயர் என்னை நிறுத்தினார். "ஏண்டி, உங்கண்ணன் மடிக்கு விலை பேசுறானாமே? உக்கார வேற இடமே இல்லையா நாட்டுல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பிறகு மெதுவாக, சிரிக்காமல், "மலை ஏத்துக்காத புள்ளையை ராஜான்னு எப்படிச் சொல்றதுன்னு ஏஜெண்டு துரை கேப்பாரே. நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றார். வெள்ளைக்கார ஏஜெண்ட் நாளை வந்து ஆற்றங்கரை பங்களாவில் இறங்குகிறார்.

புரிகிறதா அண்ணா? கல் காலியாக இருந்தால் சோட்டராயருக்குத்தான் சந்தோஷம். நீங்கள் யாரிடம் பேரம் பேசுகிறீர்கள்? அவனுக்கு இன்னும் மூக்குச் சிந்தத் தெரியாது.

அரண்மனைச் சோறு என்றான் ஒருவன். ஆமாம், தின்கிறேன். என் பிள்ளை போன அன்று மாலையே மார் கட்டிக்கொண்டு கிடந்தவளை அரண்மனை ஆள் வந்து பல்லக்கில் ஏற்றியபோது, அந்த ஊரில் ஒருவராவது வேண்டாம் என்றார்களா? நீ என்றாயா?

செவதி


கேந்துபாடி
16 நவம்பர்

செவதி,

சொல்லவில்லை. இன்றும் அதை நினைப்பேன்.

நீ பால் கொடுத்த பிள்ளை ஒருவன். இங்கே நூற்றுப்பத்து வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை.

கை வரட்டும், வருகிறேன்.

உச்சப்


சுனாகட்
17 நவம்பர்

அண்ணா,

கை இதோ.

குனாவின் அம்மா, ராணியம்மா, திரைக்குப் பின்னாலிருந்து அரண்மனை முத்திரை அச்சிட்ட தாள் ஒன்றைத் தரையில் தள்ளினார்கள். எழுத்து என்னுடையது. 'கேந்துபாடி மலையின் நூற்றுப்பத்து வீடுகளுக்கும் வெட்டி வேலை இல்லை. என் காலத்திலும் இல்லை, எனக்குப் பின்னும் இல்லை.' குனாவின் உள்ளங்கையில் செங்காவி தடவினேன். கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். பத்து நாளில் அவன் சிரித்தது அப்போதுதான். பதித்த பிறகு பார்த்துவிட்டு, "இன்னொரு கையும் வெக்கட்டுமா?" என்றான். வைத்தான். அதனால் இரண்டு கை இருக்கிறது. சிறியதாக இருக்கிறதே என்று ஊரார் சொன்னால், வளரும் என்று சொல்.

இந்தக் கடிதத்தில் மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். அது வேறு விஷயம். முக்கியமில்லை.

சனிக்கிழமை வந்துவிடு.

செவதி


கேந்துபாடி
23 நவம்பர்

செவதி,

நீ பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தாய். உன் வளையல் சத்தமாவது கேட்குமா என்று பார்த்தேன். கூட்டத்தில் எதுவும் கேட்கவில்லை. பார்க்காமலே திரும்பினேன். அதனால் அங்கே நடந்ததை எழுதுகிறேன். நீ தூரத்திலிருந்து பார்த்திருப்பாய், கேட்டிருக்க மாட்டாய்.

இரண்டு கை வந்ததில் ஊருக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? "ஒரு கை கேட்டோம், ரெண்டு கை வெச்சிருக்கான். இவன் அப்பனைவிடப் பெரிய மனசு" என்று பிரதான் அந்தத் தாளைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடினார். அந்த வயதில் அவர் ஆடி நான் பார்த்ததில்லை.

கல்லில் உட்கார்ந்தேன். அவனைத் தூக்கி வைத்தார்கள். இடுப்பில் அந்தக் கயிற்றைப் பார்த்தேன். அவன் முதலில் என் மீசையைப் பார்த்தான். "நீ செவதி அண்ணனா?" என்றான். "ஆமாங்கய்யா." "செவதி எதுக்கு என் பாலைக் குடிக்கிறா?" மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதருகே வந்து, "எங்கப்பா எங்கே? யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றான்.

நான் சொல்லிவிட்டேன், செவதி. "செத்துட்டாருங்கய்யா" என்றேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

அவன் சத்தம் போடவில்லை. என் நெஞ்சுப் பக்கம் திரும்பி முகத்தை வைத்துக்கொண்டான். மார்பு நனைந்தது. அழுகிறான் என்று தெரிந்தால் சோட்டராயர் விடமாட்டார். அதனால் என் மேல்துண்டைச் சரிசெய்வதுபோல் அவன்மேல் போட்டு, வழக்கத்தைவிட நேரம் பிடித்துக்கொண்டேன். ராஜா மலையைக் கட்டிக்கொண்டார் என்று எல்லோரும் குலவையிட்டார்கள்.

அவன் கனக்கவே இல்லை. ஒரு இலைக்கட்டு அளவுகூட இல்லை. "மடி கனக்குது, மடி கனக்குது, மடி கனக்குது" என்று மூன்று தடவை கூவினேன். அந்தக் கல்லில் உட்கார்ந்து நம் வீட்டில் யாரும் பொய் சொன்னதில்லை. பரவாயில்லை. மறுபடியும் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அந்த அடித்த வரியில் என்ன இருந்தது?

உச்சப்


சுனாகட்
8 டிசம்பர்

அண்ணா,

இன்று மார்கசிர மாத வியாழன், லட்சுமி பூஜை நாள். வாசலெல்லாம் அரிசிமாவில் லட்சுமியின் பாதம் வரைந்திருக்கிறோம். குனா ஒவ்வொரு பாதத்திலும் தன் பாதத்தை வைத்துப் பார்த்துக் கலைத்துவிட்டான். யாரும் திட்டவில்லை. ராஜாவை யார் திட்டுவது? அவன் திட்டு வாங்குவதற்காகவே இன்னும் இரண்டைக் கலைத்தான்.

நீ சொன்னது நல்லதாயிற்று. இப்போது அவன் என்னிடம் கேட்பதில்லை. சில சமயம் விளையாட்டின் நடுவில், "செத்துட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறான். ஒரு பாடத்தைப்போல.

சோட்டராயரை ஏஜெண்ட் பாதுகாவலராக நியமித்துவிட்டார். இருபத்தொரு வயதுவரை. கணக்குப் போட்டால் பதினாறு வருஷம். மலை ஏற்றுக்கொண்ட ராஜா என்பதால் குனாவை யாரும் தள்ள முடியவில்லை. ஆனால் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வந்துவிட்டது, இதைவிட உயரமாக. புதிய சமையற்காரன் இப்போது அவனுக்கு வெல்லப்பாகு செய்து தருகிறான். பிள்ளை உயிரோடு இருப்பதுதான் இனி அவர்களுக்கு லாபம் என்கிறார்கள் பெண்கள். இருந்தாலும் நான் பாலை விடவில்லை.

ரைமணிக்கு எள்ளுருண்டை அனுப்புகிறேன். வாரச் சந்தைக்கு வருகிறவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்.

செவதி


கேந்துபாடி
19 ஜனவரி 1939

செவதி,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எள்ளுருண்டை பற்றி எழுதினாய்.

செவ்வாயன்று அரண்மனை அதிகாரி ஒருவர் நான்கு சிப்பாய்களோடு வந்தார். வேட்டை பங்களாவுக்கு மோட்டார் ரோடு போடுகிறார்களாம். வீட்டுக்கு ஒரு ஆள், விதைப்புக்கு முன் மூன்று மாதம், கூலி இல்லை. பிரதான் சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தாளை எடுத்துவந்தார். பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. இந்த ஆளுக்கு நல்ல பாடம் என்று நானும் நினைத்தேன்.

அதிகாரி வாங்கிப் பார்த்தார். "எந்தப் புள்ளை விளையாடினது இது?" என்றார்.

"ராஜா கைங்க. ரெண்டு கை" என்றார் பிரதான்.

"இருபத்தோரு வயசு வரைக்கும் ராஜா கை கை கிடையாதுய்யா. ஏஜெண்டு துரை வந்த அன்னைக்கே சபையில எல்லார் முன்னாடியும் படிச்சுச் சொன்னாரு. அரண்மனையில காக்கா குருவிக்குக்கூடத் தெரியும்." சொல்லிவிட்டு வெயிலுக்கு அந்தத் தாளால் விசிறிக்கொண்டார். போகும்போதும் விசிறிக்கொண்டே போனார்.

ஏஜெண்ட் வந்தது பதினைந்தாம் தேதி என்று நீயே எழுதியிருக்கிறாய். கை வந்தது பதினேழு. உன் பழைய கடிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அந்த அடித்த வரியைப் பார்த்தேன். இரண்டு சொல்தான் தெரிகிறது.

உனக்குத் தெரியுமா? ஆமா, இல்லை. ஒரு சொல் போதும். எனக்கு வேறு எதுவும் எழுதாதே.

உச்சப்


சுனாகட்
23 ஜனவரி

ஆமா.

செவதி


சுனாகட் சிறை
26 பிப்ரவரி

செவதி,

இங்கே காவல் நிற்பவன் நம் பக்கத்து மலைக்காரன். தாளும் பென்சிலும் கொடுத்தான். உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நம் ஆட்களில் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் நீதான்.

நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். ரோட்டில் நின்று, ராஜா கை வைத்த இடத்தில் நாங்கள் கல் எடுக்க மாட்டோம் என்றேன். எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். சிப்பாய்கள் வந்ததும் ஆறு பேர் நின்றார்கள். தடியடி விழுந்ததும் நான் மட்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் பெண்டு பிள்ளைகள்.

பிரதான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போனாராம். அந்த வயதில் கல் சுமக்கிறார். ஊர்க்கிணற்றில் ரைமணி தண்ணீர் எடுக்கும்போது, "உங்க நாத்தனாரு கை வெச்ச தண்ணியா?" என்கிறார்களாம். இதையெல்லாம் காவற்காரன் சொன்னான்.

நான் இங்கே வந்ததிலிருந்து யோசிக்கிறேன். நீ உண்மையை எழுதியிருந்தால் என்ன செய்திருப்போம்? மடி கொடுத்திருக்க மாட்டோம். சோட்டராயர் ராஜா ஆகியிருப்பார். ரோடு போட்டிருப்பார். அந்தப் பிள்ளை இருந்திருக்க மாட்டான். எப்படிப் பார்த்தாலும் ரோடு வருகிறது. இதை யோசித்து முடித்தபோது எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நீ எங்களை ஏமாற்றினாய். உன்னை மன்னிக்க எனக்கு உரிமை கிடையாது. நூற்றுப்பத்து வீட்டுக்கும்தான் அந்த உரிமை. உன் அண்ணனாக மட்டும் கேட்டால், நீ பால் குடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும் அந்தக் கால் நாழிகையை நினைக்கிறேன். அவ்வளவுதான்.

நம் வீட்டிலிருந்து ஆள் போகவில்லை என்று ரைமணி பெயரை எழுதிவிட்டார்களாம். எட்டாம் மாதம் என்று சொன்னாளாம். பட்டியலில் வயிற்றுக்குத் தனிக்கோடு இல்லை என்றானாம் குமாஸ்தா. இதற்கு முன் இரண்டு கருவும் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். அடுத்த வாரத் திங்கட்கிழமை சந்தை கழிந்ததும் அவள் போக வேண்டும்.

உன்னிடம் எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

உச்சப்


கேந்துபாடி ரோடு
12 மார்ச்

அண்ணா,

ரைமணி வீட்டில் இருக்கிறாள். முதலில் இதைப் படித்துக்கொள்.

திங்கட்கிழமை குமாஸ்தா பெயர் படிக்கும்போது நான் போய் நின்றேன். "இந்த வீட்டுப் பொண்ணுதானே நான். பட்டியல்ல வீட்டுக்கு ஒரு ஆள்னுதானே இருக்கு" என்றேன். அரண்மனைத் தாதியை எப்படி எழுதுவது என்று அவன் தலையைச் சொறிந்தான். "இப்ப தாதி இல்லை" என்றேன். எழுதிவிட்டான்.

ஊரில் யாரும் என்னிடம் பேசவில்லை. பிரதான் மட்டும் முதல்நாள் என் கூடையிலிருந்து இரண்டு கல்லை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மறுநாளும் எடுத்தார். ரைமணி எனக்கு எப்போதும்போல் கூழ் ஊற்றுகிறாள். உள்ளங்கை கொப்புளித்திருப்பதால் எழுத்து இப்படி இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுத வந்தது. எழுத்தை மட்டும்.

அன்று அடித்த வரி: 'இந்தக் கை செல்லாதாம் அண்ணா.' நீ இரண்டு சொல்லைப் பார்த்ததாக எழுதினாய். மிச்சம் இரண்டு. எழுதினேன், பிறகு குனா வந்து மடியில் ஏறினான், அடித்துவிட்டேன். நான் சொல்ல நினைத்தேன் என்பதற்காக இதை எழுதவில்லை. முடிவில் சொல்லவில்லை.

கிளம்பியதையும் சொல்லிவிடுகிறேன். ராணியம்மா திரையை விலக்கி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்கள். "அவன் தூங்கும்போது போயிடு" என்றார்கள். என் பிள்ளை தூக்கத்தில்தான் போனான். அப்படிப் போவது எனக்கு வேண்டாம் என்று இருந்தது. பாலை எவ்வளவு குடித்துப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தேன். இதுவரை எதையும் யாருக்காகவும் ருசி பார்க்காத அம்மா, ஒரு மிடறு குடித்துவிட்டு, என்னைப்போலவே, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பிறகு சபைக்குப் போனேன். தாதிகள் போகும் இடம் இல்லை அது. குனா நாற்காலியில் இருந்தான். கால் தரையைத் தொடவில்லை. பக்கத்து நாற்காலியில் சோட்டராயர். நான் விழுந்து கும்பிட்டு, "ஊருக்குப் போறேன் ராஜா. உத்தரவு கொடுங்க" என்றேன். வழக்கமான சொல்தான். யார் போனாலும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அவன் எழுந்து நின்றான். நாற்காலியின்மேலேயே நின்றான். "போகக் கூடாது" என்றான். பிறகு யாரோ சொல்லிக் கொடுத்திருந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "செவதி போகக் கூடாது. இது ராஜா உத்தரவு" என்றான்.

சோட்டராயர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடடா, உத்தரவு போட்டாச்சு! எழுதிக்குங்கய்யா யாராவது!" என்றார். சபை முழுக்கச் சிரித்தது. குனா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில் என் முகத்துக்கு வந்தான்.

அண்ணா, அவன் போட்ட முதல் உத்தரவு அது. அங்கே சிரிக்காதவள் நான் ஒருத்திதான். நானும் அதைக் கேட்கவில்லை.

செவதி